உழைப்பும் ஒரு நிதியே

அகத்தியமலை அடிவாரத்துப் போனக்காட்டில் தேயிலைத் தோட்டம் நலிந்தபின், லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல கூலி நிலுவையால் இடருற்றன. இத்தகைய ஊரில் கால்பந்துக் குழுவுக்கு நிதி திரட்ட விழையும் ரசிகர்கள் வீடுதோறும் நன்கொடைச் சீட்டை நீட்டுதல் தகாது. கொடுக்க இயலாதவர் நாணி, ஆட்டம் காணவும் வரமாட்டார்.

செருமனியின் யூனியன் பெர்லின் கழகத்து ரசிகர்கள் வேறு வழி கண்டனர். 2004இல் கழகம் பணமின்றித் தத்தளித்தபோது, குருதி அளித்துப் பெற்ற சிறுதொகையை அதற்கு வழங்கினர். (இந்தியாவில் குருதிக்கு விலை பெறச் சட்டம் இடந்தராது.) 2008இல் பழுதுற்ற விளையாட்டரங்கைப் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. 2000க்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 1,40,000 மணிநேரம் ஊதியமின்றி உழைத்தனர்.

மலையூர்களுக்கு ஏற்றது இவ்வுழைப்புக் கொடையே. புதர் வெட்டுதல், திடலைச் சமன்செய்தல், மூங்கிலால் இருக்கை அமைத்தல், ஆட்ட நாளில் தேநீர் விற்றல் ஆகியவற்றை ரசிகர்களே மேற்கொண்டால், வேலையாட்களுக்குரிய செலவு மிஞ்சும். அது பந்தும் காலணியும் வாங்க உதவும்.

கூலி கிடைக்காதோரிடமே கூலியற்ற உழைப்பைக் கேட்பதா என வினவுவோர் உளர். வினா நேரியதே. ஆதலால் அவ்வுழைப்பை முதியோரிடமன்றி, விடுமுறை நாளில் இளைஞரிடமே கேட்டல் வேண்டும். வரவுசெலவுக் கணக்கையும் ஊரார்முன் படித்தல் வேண்டும்.