பட்டன் போனிலும் பணம் போகும்

சிலமலையிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அக்காக்கள் பலரிடம் இருப்பது பட்டன் போன்தான். கூலியை 'ஜிபே'யில் போட்டால், அது மகன் நம்பருக்குப் போகும். அப்புறம் தன் கூலியில் நூறு ரூபாய்க்கு மகனிடமே கேட்டு நிற்க வேண்டும்!

கென்யாவில் 2007-ல் வந்த 'எம்-பெசா' பட்டன் போனிலேயே ஓடியது. வங்கிக் கணக்குகூட வேண்டாம். கடை முகவரிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். நம் யுபிஐ 2016-ல் வந்தது, வங்கிக் கணக்கை நம்பி. பட்டன் போனுக்கான 'யுபிஐ 123பே' வர 2022 ஆகிவிட்டது. அதற்கு நெட் வேண்டாம். வங்கிக் கணக்கு, அதில் பதிந்த சொந்த நம்பர், பின் நம்பர் போட ஏடிஎம் கார்டு இருந்தால் போதும்.

உங்கள் அம்மாவின் கணக்கில் யார் நம்பர் இருக்கிறது? இன்றைக்கே பாஸ்புக்கோடு போய்க் கேளுங்களேன்.