சூரியப் புயலும் ஜோசியப் புரட்டும்

2024-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி, சூரியனில் வெடித்துக் கிளம்பிய மின்துகள்கள் பூமியின் காந்த மண்டலத்தில் மோதின. துருவப் பிரதேசங்களுக்கே உரிய வானொளி அன்றிரவு லடாக்கிலுள்ள ஹான்லேயிலும் சிவப்பாய்த் தோன்றியது. அங்குள்ள வானாராய்ச்சிக் கூடத்துக் காமிராக்கள் அதைப் படமெடுத்தன.

நவக்கிரகங்களுக்குத் தலைவர் சூரிய பகவான் என்று சொல்லி, தோஷத்தின் பேரால் ஏழைப் பெண்களின் கல்யாணத்தைக் கெடுக்கும் ஜோசியர்களை நாம் கேட்கின்றோம்: பிறந்த நிமிஷத்தைக் கொண்டு ஆயுள் முழுவதும் சொல்லும் உங்களுக்கு, உங்கள் பகவான் சீறப்போவது ஏன் தெரியவில்லை? எந்தப் பஞ்சாங்கத்தில் எழுதியிருந்தது?

கரும்புள்ளிக் கூட்டத்தைக் கவனித்து முதல்நாளே எச்சரித்தவர்கள் விஞ்ஞானிகளே. அவர்கள் சாந்தி செய்யச் சொல்லவில்லை. மின்சாரக் கம்பிகளையும் செயற்கைக் கோள்களையும் காக்கச் சொன்னார்கள். 1989-ல் இத்தகைய புயலொன்று கானடாவின் க்யூபெக் மாகாணத்தைச் சுமார் 9 மணி நேரம் இருளில் தள்ளிற்று என்பது அவர்களுக்குத் தெரியும். நம் கோடைக்கானலிலும் நூறாண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகின்றார்கள்.

ஆகையால் தோழர்களே! இரவில் வானத்தைப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். சூரியனை மாத்திரம் வெறுங்கண்ணால் பாராதீர்கள். கண் கெடும், தோஷத்தாலல்ல, வெளிச்சத்தின் கடுமையால். ஜாதகக் கட்டத்தைப் பார்த்தது போதும் என்கின்றோம்.