கெட்டுப்போகவில்லை, வளர்ந்திருக்கிறது

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, மூதூர் முஸ்லிம் மக்கள் அரபுச் சொற்களின் பொருளைக் கெடுத்துவிட்டார்களாம். மூலத்துக்கே திருத்த வேண்டுமாம். ஏற்க முடியாது.

அரபியில் ‘கத்ம்’ என்றால் முடித்தல். குர்ஆனை ஓதி முடிப்பதையும் அது குறிக்கும். இங்கே கத்தம் என்றால் மௌத்தானவருக்காக ஓதி, சொந்தபந்தத்தைக் கூட்டிச் சோறு போடுவது. இதில் என்ன கேடு?

அரபிகளையே பாருங்கள். குர்ஆனில் சிறுவர் யூசுபைக் கிணற்றிலிருந்து எடுத்த ‘சய்யாரா’ ஒரு பயணக்கூட்டம். இன்றைய அரபியில் சய்யாரா என்றால் கார். வரிசையாகச் செல்லும் ஒட்டகங்களைக் குறித்த ‘கிதார்’ ரயிலாகிவிட்டது. அவர்களை யாரும் திருத்தக் கிளம்பவில்லையே!

திருகோணமலை மீன் வியாபாரியின் ‘வசூல்’ அரபியில் வந்துசேர்தல், ‘பாக்கி’ எஞ்சியது. ‘தகராறு’தான் வெகுதூரம் வந்திருக்கிறது: திரும்பச் சொல்லுதல் வாக்குவாதமாகி, பாரசீகம், உருது வழியாக நம்மிடம் சண்டையானது. திருத்துவதென்றால் தமிழர் எல்லோரின் வாயையும் திருத்த வேண்டும். கிண்ணியாவை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?