சம்மதம் என்னும் சூழ்ச்சி

"ஒளிக்க ஒன்றுமில்லாதவனை எவன் பார்த்தால் என்ன?" என்று ஸ்கூடாயில் படித்த வாலிபர்கள் சிலர் கேட்கின்றனர். அங்ஙனம் கேட்போர் இரவில் வீட்டைத் தாழிடாமல் உறங்குகின்றனரா? சம்பளச் சீட்டைக் கடைத்தெருவில் ஒட்டி வைக்கின்றனரா?

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் முன்னோரின் பெயரைக் கிராணி செக்ரோலில் எழுதினான். அது கொடிய முறையே. ஆயினும், எழுதுகிறவன் முகம் தெரிந்தது, எழுதப்படுவது அன்றையக் கூலிக்கணக்கு என்பதும் தெரிந்தது. இன்று கைபேசியைத் திறந்தவுடன் நம்மைப் பதியும் கிராணிகள் எத்தனை பேர் என்றே நமக்குத் தெரிவதில்லை.

1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மொண்டுல்லி என்பார் 'குக்கீ' என்னும் சிறு குறிப்பை உண்டாக்கினார். வந்தவர் எடுத்து வைத்த சாமான் இன்னதென்று இணையக் கடை நினைவிற் கொள்ளுதற்கே அஃது ஏற்பட்டது. அதனைக் குறைகூறுவதற்கில்லை. பிற்பாடு விளம்பர வியாபாரிகள் அதனைப் பற்றிக்கொண்டார்கள். பத்திரிகைத் தளம், மருந்துக்கடைத் தளம், கடன் கொடுப்போர் தளம் ஆகிய மூன்றிலும் ஒரே விளம்பரக் கம்பெனி தன் குறிப்பை வைத்துவிடுமாயின், மூன்றிலும் நுழைந்தவர் ஒருவரே என்று அது கண்டுகொள்ளும். ஸ்கூடாயில் ஒருவர் மனைவியின் நீரிழிவுக்கு மருந்து தேடி, மறுநாள் கடனுக்கு வழி தேடினால், நோயும் பணமுடையும் ஒரே ஏட்டில் ஏறுகின்றன. பெயர் இல்லாவிட்டால் என்ன? கைபேசியின் அடையாளம் போதும்.

"அவரே சம்மதித்துப் பொத்தானை அழுத்தினாரே" என்பார்கள். சம்மதிக்கப் பெரிய பொத்தான் ஒன்று. மறுக்கவோ நாலு பக்கம் தேடவேண்டும்! பிரான்சு தேசத்துத் தகவல் காப்பு ஆணையம் இதனைப் பொறுக்கவில்லை. சம்மதிப்பதைப்போல் மறுப்பதையும் எளிதாக்காத குற்றத்திற்காகக் கூகுளுக்கு 15 கோடி யூரோவும், பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது.

நம் நாட்டில் நிலைமை யாது? 2010-ல் இயற்றப்பெற்று 2013 நவம்பரில் அமுலுக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குக்கீ என்ற சொல்லே இல்லை. கூட்டரசையும் மாநில அரசாங்கங்களையும் அது கட்டுப்படுத்தாது. அச்சட்டம் இருக்கும்போதே, 4 கோடியே 60 லட்சத்துக்கு மேற்பட்ட கைபேசி எண்களின் விவரங்கள் வெளியேறிய செய்தி 2017-ல் அம்பலமாயிற்று. 2024-ல் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தின் உச்சத்தை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சமாக உயர்த்தினார்கள். நல்லதே.

ஆனால், 7-ஆம் பிரிவைப் பாருங்கள். விவரம் சேகரிப்போர் தரும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டுமாம்! தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை விட்டுப் பால்மரம் வெட்டப்போன மூதாட்டி, பேரன் வாங்கிக்கொடுத்த கைபேசியில் என்ன கண்டு சம்மதித்தார்? வாசிக்கத் தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வாங்கிய லேவாதேவிக்காரனை நாம் என்ன சொல்லி ஏசினோம்? அதே காரியத்தைக் கம்பெனி செய்தால் அதற்குப் பெயர் நாகரிகமா?

அறிவிப்பு தமிழிலும் சீனத்திலும் வரவேண்டும். மறுக்கும் பொத்தான் சம்மதிக்கும் பொத்தானின் அளவே இருக்கவேண்டும். அரசாங்கமும் அச்சட்டத்திற்கு உட்படவேண்டும். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவோரிடம் இம்மூன்றையும் கேளுங்கள். அவர்கள் வரும்வரை காத்திராமல், மூன்றாம் தரப்புக் குக்கீகளை இன்றே தடுத்துத் தரும்படி வீட்டுப் பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுங்கள்.