ரெண்டு கோடிக்கு ரெய்டர் கிடைப்பார்... அணி கிடைக்குமா?

பி.காம். படித்தவனைக் கபடி பற்றி எழுதச் சொன்னால் என்ன செய்வான்? முதலில் வரவு-செலவு நோட்டைத்தான் பிரிப்பான். பிரித்தேன். தலை சுற்றுது சாமி!

2022 புரோ கபடி ஏலத்தில் ஓர் அணி தன் வீரர்களுக்காக மொத்தமாகச் செலவழிக்கலாம் என்று வரம்பு வைத்த தொகை 4 கோடியே 40 லட்சம். நம்ம தமிழ் தலைவாஸ் அதில் 2 கோடியே 26 லட்சத்தை ஒரே ஒரு ரெய்டருக்குக் கொட்டிக் கொடுத்தது. பவன் ஷெராவத். அன்றைய தேதியில் புரோ கபடி வரலாற்றிலேயே அதிக விலை. பத்திரிகையில் எட்டுக் காலம் செய்தி. ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

அக்டோபர் 8, குஜராத்துடன் முதல் ஆட்டம். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் பவனுக்கு முழங்கால் போனது. அவ்வளவுதான், அந்த சீசன் அவருக்கு முடிந்தது. அணியின் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு வெளியே போனது.

இதில் இன்னொரு கூத்து. அன்றைக்கு எதிரே நின்ற குஜராத் அணிக்குக் கேப்டன் யார் தெரியுமா? சந்திரன் ரஞ்சித். தமிழ்நாட்டுக்காரர். அவரும் ரெய்டர்தான்!

ஏரல் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் போய், 'முதலில் பாதியை ஒரே வத்தல் மூட்டையில போடுங்க' என்று சொல்லிப் பாருங்கள். 'சோலியப் பாத்துட்டுப் போவும்வே' என்பார். அவர் எந்தக் கல்லூரியிலும் வணிகவியல் படித்ததில்லை. மூட்டை நனைந்தால் கடை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கார்ப்பரேட் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு மட்டும் இது ஏன் தெரியவில்லை?

விபத்துக்கு யாரைக் குற்றம் சொல்ல முடியும் என்று கேட்பீர்கள். சரி, பவனை நான் குற்றம் சொல்லவில்லை. ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கேப்டனாக நின்று தங்கம் வாங்கி வந்த ஆட்டக்காரர் அவர். என் சண்டை அவரோடு இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தும் பாடம் படிக்காதவர்களோடுதான்.

என்ன நடந்தது? 2017-ல் அணி ஆரம்பித்ததிலிருந்து நமக்குக் கடைசி பெஞ்சுதான். 2017-ல் பிரிவில் கடைசி. 2018-ல் பிரிவில் கடைசி. 2019-ல் பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது இடம். அடுத்ததில் பதினோராவது. ஆனால் பவன் இல்லாமல் ஆடிய அந்த 2022 சீசனில்தான் நாம் முதல்முறையாக அரையிறுதி வரை போனோம். புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றோம். அதுவரை பேர் தெரியாத நரேந்தர் என்ற இளைஞர் அந்த சீசனில் ரெய்டில் மட்டும் 243 புள்ளி எடுத்தார். பக்கத்தில் அஜிங்க்யா பவார் நின்றார். பெரிய மரம் சாய்ந்ததும் கீழே நின்ற கன்றுகளுக்கு வெயில் கிடைத்த கதை.

பார்த்தவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். நம்மவர்கள் இன்னொரு மரம் வாங்கக் கிளம்பினார்கள். 2024 ஏலத்தில் சச்சின் தன்வர், 2 கோடியே 15 லட்சம். அந்த ஏலத்தின் அதிக விலை. முடிவு, ஒன்பதாவது இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வால் 1 கோடியே 40.5 லட்சம், மறுபடியும் அதே பவன் 59.5 லட்சம். கூட்டிப் பாருங்கள், சொல்லி வைத்தாற்போல் ரெண்டு கோடி! மொத்த வரம்பு ஐந்து கோடியில் இது நாற்பது சதவிகிதம். சில ஆட்டங்களிலேயே பவன் அணியை விட்டுப் போனார். தலைவாஸ் முதல் எட்டு இடத்துக்குள்கூட வரவில்லை.

நாம் மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு தெலுங்கு டைட்டன்ஸ் 2023 ஏலத்தில் பவனுக்கு 2 கோடியே 60.5 லட்சம் கொடுத்து நம் சாதனையை முறியடித்தார்கள். அந்த சீசனில் கடைசி இடம் அவர்களுக்குத்தான். பவன் போன பிறகு, 2025-ல் விஜய் மாலிக்கும் பரத் ஹூடாவும் சேர்ந்து பாடிப் போக, அதே டைட்டன்ஸ் மூன்றாவது இடத்துக்கு வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? கபடி தெரிந்தவர்கள் இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

ஒரு ரெய்டுக்கு 30 செகண்ட். நாற்பது நிமிஷ ஆட்டத்தில் ஓர் அணி ஏறக்குறைய நாற்பது தடவை பாடிப் போக வேண்டியிருக்கும். ஒரே ஆள் நாற்பதும் போனால் நுரையீரல் வாய் வழியாக வந்துவிடும். பாதியை அவர் போனாலும் மீதிப் பாதிக்கு யாரோ வேண்டும். அதைவிட முக்கியம், முதல் ரெய்டர் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். எதிராளியில் ஒருவரைத் தொட்டு விட்டு வந்தோ, பிடித்தோதான் அவரை உள்ளே கொண்டுவர முடியும். அந்த நேரத்தில் இரண்டாம் ஆள் சொத்தையாக இருந்தால், ரெண்டு கோடி ரூபாய் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணி குடித்துக்கொண்டே ஆல் அவுட்டை வேடிக்கை பார்க்கும்.

அதிலும் இடப்பக்கம் பாடுகிறவர் வேறு, வலப்பக்கம் பாடுகிறவர் வேறு. ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது போனஸ் கோட்டில் கால் வைத்துவிட்டு வருகிறவருக்குத் தனிக் கால் வேண்டும். இரண்டு ரெய்டு வெறும் கையோடு வந்தால் மூன்றாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடு, இல்லை செத்துப் போ. அதற்கென்று கல்நெஞ்சுக்காரர் ஒருவர் வேண்டும். ஆக ரெய்டர் என்பது ஓர் ஆள் இல்லை, நாலு பேர் கொண்ட கூட்டு. நாதஸ்வரம் மட்டும் வாங்கி வந்து, தவிலுக்கு யாரும் வேண்டாம் என்றால் கச்சேரி எப்படி நடக்கும்?

2022-ல் கோப்பை வாங்கிய ஜெய்ப்பூரைப் பாருங்கள். முன்னால் நின்றவர் அர்ஜுன் தேஷ்வால். அவருக்குத் தோள் கொடுத்தவர் வி.அஜித்குமார். தமிழ்நாட்டுக்காரர். 2019-ல் நம்ம தலைவாஸில் ஆடியவர்! நாம் விட்டோம், மும்பை எடுத்தது, பிறகு ஜெய்ப்பூர். அதே ஜெய்ப்பூரில் ராகுல் சௌத்ரியும் இருந்தார். நாம் 2019-ல் 94 லட்சம் கொடுத்து வாங்கி, பலன் இல்லாமல் போனவர். அங்கே முழுப் பாரமும் அவர் முதுகில் இல்லை. மூன்று வருஷம் கழித்து நாம் என்ன செய்தோம்? அந்தக் கூட்டணியிலிருந்து அர்ஜுனை மட்டும் விலை கொடுத்து எடுத்து வந்தோம். வண்டி ஓடுகிறதே என்று ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு வருவது போல.

பிரபஞ்சன் கதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2017-ல் நம் அணியில் இருந்த தமிழ்நாட்டு ரெய்டர். விட்டுவிட்டோம். குஜராத், ஹரியானா என்று சுற்றி வந்த பிறகு 2021 ஏலத்தில் 71 லட்சம் கொடுத்துத் திரும்ப வாங்கினோம். எங்கள் அக்கவுண்ட்டன்ஸி வாத்தியாராக இருந்தால் முட்டி போட வைத்திருப்பார்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் கோப்பை வாங்கிய புனேரி பல்தான். அவர்களுடைய ரெய்டர்கள் அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மோஹிதே, ஆகாஷ் ஷிண்டே. 'புதிய இளம் வீரர்' என்ற வகையில் சின்ன வயதில் எடுத்து, வருஷக்கணக்கில் வைத்து வளர்த்த பையன்கள். ஒருத்தர் பிடிபட்டால் இன்னொருத்தர். இறுதிப் போட்டியில் ஹரியானாவை 28-25 என்று முடித்தார்கள். பெரிய விலை கொடுத்து ஆள் வாங்கவே இல்லையா என்றால், வாங்கினார்கள். ஈரான்காரர் ஷாட்லூயிக்கு 2.35 கோடி. ஆனால் அவர் பிடிக்கிறவர். பாடுகிறவர்களைச் சொந்தத் தோட்டத்தில் வளர்த்துவிட்டு, இல்லாத சரக்கை மட்டும் கடையில் வாங்கினார்கள். இதுதான் குடித்தனம்.

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்று ஒன்று ஆடுகிறார்கள். பெயர்தான் கால்பந்து, வேலையெல்லாம் கைக்கு. அதில் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவர் வைட் ரிசீவர். நம்ம ரெய்டர் மாதிரி, விளம்பரத்தில் முகம் வருகிறவர். கான்சாஸ் சிட்டி அணி 2022 மார்ச்சில் தன்னுடைய நட்சத்திர ரிசீவர் டைரீக் ஹில்லை மியாமிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து வாய்ப்புகளை வாங்கிக்கொண்டது. பைத்தியமா என்றார்கள். 2023, 2024 இரண்டு வருஷமும் சூப்பர் பௌல் அவர்களுக்கே. பந்தை எறிய பாட்ரிக் மஹோம்ஸ் என்ற மகாசூரர் இருந்தார், அது உண்மை. ஆனாலும் ஒற்றை ரிசீவரை நம்பாமல் நாலைந்து பேருக்குப் பந்து போகும்படி அணியைத் திருத்தினார்கள் பாருங்கள், அது எந்த ஏலத்திலும் விற்பனைக்கு இல்லை.

'பெரிய பேர் இல்லைன்னா டி.வி.யில யார் சார் பார்ப்பாங்க?' என்று மார்க்கெட்டிங் ஆசாமிகள் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: ஒன்பதாவது இடத்தை மட்டும் யார் பார்க்கிறார்கள்?

இப்போது எங்க ஊர்ப் பக்கம் வாருங்கள். கொற்கை. பாண்டியனுக்குத் துறைமுகம். தாமிரபரணி வண்டல் கொட்டிக் கொட்டி, கடல் விலகிப் போய், இன்றைக்கு வாழையும் வயலுமாக நிற்கிற கிராமம். ஒருகாலத்தில் உலகமே இங்கே வந்து முத்து வாங்கியது. காரணம், மூச்சைப் பிடித்துக் குளிக்கிற ஆள் இங்கே இருந்தான். வாங்குகிறவனிடம் காசு இருந்தது, மூச்சு இவனிடம் இருந்தது. கபடியும் மூச்சு விளையாட்டுதானே!

இதே பள்ளத்தாக்கில்தான் மணத்தி இருக்கிறது. மணத்தி கணேசன் அங்கிருந்து பாடிப் போனவர்தான். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடினார். 1995-க்கான அர்ஜுனா விருது வாங்கினார். அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் மாரி செல்வராஜ் 2025-ல் 'பைசன்' எடுத்தார். படம் பார்த்துக் கண் கலங்கியவர்கள் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கணேசன் தங்கம் வாங்கி முப்பது வருஷம் ஆச்சே, அடுத்த கணேசனைத் தேடி எந்த அணி இந்தப் பக்கம் வந்தது?

கோயில் கொடை என்றாலும் பொங்கல் என்றாலும் இங்கே மின்னொளிக் கபடி உண்டு. போஸ்டர், மைக் செட், விடிய விடிய ஆட்டம். பதினேழு வயசுப் பையன் வெறுங்காலில் செம்மண்ணில் பாடிப் போய் மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வருவான். அவனை மேட்டில் ஏற்றி ஷூ மாட்டிவிட்டால் முதல் மாதம் தடுமாறுவான். மண்ணில் கால் வழுக்கிக்கொண்டு திரும்புவது ஒரு வித்தை, மேட்டில் பிடித்துக்கொண்டு திரும்புவது வேறு வித்தை. பதினைந்து வயதில் கற்றுக்கொண்டால் ஆறு மாசத்தில் பழகிவிடும். இருபத்திரண்டில் ஏலத்துக்கு முந்தின வாரம் பழகச் சொன்னால் முடியாது. மேட் இல்லாததால் தோற்ற பையனைப் பார்த்து 'திறமை இல்லை' என்று எழுதிவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் மூடி வைக்கப் போவதில்லை. இங்கே கபடி டீம் பல ஊரில் தெரு டீம், தெரு டீம் என்றால் சாதி டீம். 2025-ல் பள்ளிக்கூடம் போகிற பையனை அரிவாளால் வெட்டிய கொடுமை இதே பள்ளத்தாக்கில் நடந்தது. பின்னணியில் கபடிப் பகை என்று செய்தி வந்தது. வெளியிலிருந்து வருகிற ஒரு பெரிய அணி, ஆளை மட்டும் பார்த்து, மூன்று தெருப் பையன்களை ஒரே மேட்டில், ஒரே ஜெர்சியில் நிறுத்தினால் சாதி ஒழிந்துவிடும் என்று கதை விட மாட்டேன். ஆனால் அவனவன் தெருவுக்கு மேலே ஏறிப் போக ஓர் ஏணி இருக்கும். முன்பு அந்த ஏணி மில் டீமாகவும் மின்வாரிய டீமாகவும் இருந்தது.

தமிழ்ப் பையனை மட்டும் எடு என்று நான் கொடி பிடிக்கவில்லை. நமக்காக முதல் இரண்டு சீசன் தனியாளாக மூச்சைக் கொடுத்த அஜய் தாக்கூர் இமாசலக்காரர். நரேந்தர் ஹரியானா. வரட்டும், ஆடட்டும். ஆனால் டெல்லி ஓரத்து நிஜாம்பூர் என்ற ஒரே கிராமம் ராகேஷ் குமாரையும் மஞ்சீத் சில்லாரையும் கொடுக்கும்போது, வடுவூரும் மணத்தியும் இருக்கிற தமிழ்நாடு ஏன் வருஷா வருஷம் வெளியே போய் ரெய்டர் வாங்க வேண்டும்? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்களே. சரக்கு இல்லாமலா?

கணக்கு போட்டே சொல்கிறேன். ஏலத்தில் கடைசிப் பிரிவு வீரருக்கு அடிப்படை விலை 9 லட்சம். சச்சினுக்குக் கொடுத்த 2.15 கோடியில் அப்படி 23 பேரை எடுக்கலாம். 23 வேண்டாம், நாலு ரெய்டரை எடுங்கள். மூன்று வருஷம் கையை விடாதீர்கள். நடு சீசனில் கோச்சை மாற்றாதீர்கள் (2019-லும் 2022-லும் மாற்றினோம்). எந்த ரெய்டருக்கும் மொத்தப் பணத்தில் கால்வாசிக்கு மேல் கொடுப்பதில்லை என்று போர்டு மீட்டிங்கில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மிச்சப் பணத்தில் ஸ்ரீவைகுண்டத்திலோ ஏரலிலோ ஒரு கொட்டகை, ஒரு மேட், ஒரு கோச். நாற்பது பையன்களுக்கு ராத்திரிச் சாப்பாடு, முட்டையோடு.

அடுத்த ஏலத்துக்கு ஃப்ளைட் டிக்கெட் போடும்போது வாகைகுளத்துக்கும் ஒன்று போடுங்க சார். விமான நிலையத்திலிருந்து ஏரலுக்குக் கார் போகும். கொடை நடக்கிற மாசமாகப் பார்த்து வாருங்கள். ஆட்டம் ராத்திரி பத்து மணிக்கு மேலேதான் ஆரம்பிக்கும், ஸ்வெட்டர் வேண்டாம், கொசுவத்தி மட்டும் மறக்காதீங்க.