பெயர் இருந்தவனுக்குக் கல்லறை, பெயர் இல்லாதவனுக்குக் காடு!



பத்து காஜாவில் 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' என்ற கல்லறைத் தோட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். 1948-ல் தொடங்கிய அவசரகாலத்தில் உயிரிழந்த தோட்டத் துரைமார்களும் இராணுவத்தினரும் அங்கே அடக்கம். கல்லில் பெயர் உண்டு. ஆண்டுதோறும் ஜூன் மாதம் மலர்வளையம் வைக்கிறார்கள். வைக்கட்டும், இறந்தவரை மதிப்பது நல்ல பண்பு. ஆனால், தோட்டங்களில் பால் வெட்டிய நம் தாத்தாக்கள் ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் மாண்டார்களே, அவர்களுக்குக் கல் எங்கே?

1942-43-ல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். அங்கே வேலை செய்த போர்க்கைதிகளில் ஆஸ்திரேலியர் சுமார் 13,000 பேர். இறந்தவர் சுமார் 2,800 பேர். அவர்களின் கதை இன்றும் உயிரோடு இருக்கிறது. டன்லப் என்ற இராணுவ டாக்டர் முகாமில் மறைத்து எழுதிய நாட்குறிப்பு 1986-ல் புத்தகமாக வந்தது. சாதாரணச் சிப்பாய்களின் அனுபவங்களையும் கேட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளை இன்று தாத்தாவின் பெயரைத் தேடினால் கிடைக்கும். 1998-ல் அந்த அரசாங்கம் சயாமிலேயே, ஹெல்ஃபயர் கணவாயில், நினைவு அருங்காட்சியகம் திறந்தது.

நம்மவர்கள்? மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 75,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், வலுக்கட்டாயமாக லாரியில் ஏற்றியும் கொண்டு போனார்கள். 1943-ல் காலரா வந்தபோது கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கைதிகளுக்கு அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவருக்கு யார் இருந்தார்?

இந்த வேறுபாடு பிறகு பணத்திலும் தெரிந்தது. 2001-ல் ஆஸ்திரேலிய அரசாங்கம், ஜப்பானியரிடம் கைதியாக இருந்து உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும், இறந்தவரின் விதவைக்கும் 25,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தது. இங்கே? 1967-ல் ஜப்பானோடு செய்த ஒப்பந்தத்தின் மதிப்பு 25 மில்லியன் வெள்ளி. அது கப்பலாக வந்தது. சயாமில் புருஷனைப் பறிகொடுத்த தோட்டத்துப் பெண்ணின் கைக்கு என்று அதில் எதுவும் இல்லை.

சட்டம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெயர் இருந்தால்தான் ஆவணம். ஆவணம் இருந்தால்தான் உரிமை. அடையாள அட்டைக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் அலையும் நமக்கு இதை யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை!

2023-ல் காஞ்சனபுரியில் நம் மக்கள் நினைவாக நடுகல் எழுந்தது. மலேசியத் தமிழர்களே முன்நின்று செய்தது. நல்ல தொடக்கம். அடுத்த வேலை உங்கள் வீட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் குழந்தையாக இருந்தவர்களுக்கு இன்று எண்பது, தொண்ணூறு வயது. இந்த வாரமே பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். போனவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த லயம், யாரோடு போனார், திரும்பினாரா என்று கேளுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள், கைத்தொலைபேசியில் குரலைப் பதியுங்கள். முடிந்தால் சத்தியப் பிரமாணமாகவும் செய்து வையுங்கள்.

பாடநூலில் இடம், அரசாங்கச் செலவில் நினைவகம் என்று நாளை நாம் கேட்கும்போது "யார் செத்தது?" என்பார்கள். அப்போது நம் கையில் பெயர்கள் இருக்க வேண்டும்.

பாட்டி போய்விட்டால் அந்தப் பெயரும் போய்விடும். சிந்தியுங்கள், இன்றே எழுதுங்கள்!