ஊசியற்ற அளவீடும் உழைக்கும் கரங்களும்

விரல் நுனியைக் குத்தி ஒரு துளிக் குருதி எடுத்துச் சர்க்கரையின் அளவை அறிவது இன்று பல இல்லங்களில் அன்றாட வழக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என மதிப்பிட்டது. அவர்களுள் இன்சுலின் செலுத்திக்கொள்வோர் பலர், நாளுக்குப் பலமுறை விரலைக் குத்த வேண்டியவர்கள்.

இராமநாதபுரம் கடற்கரையில் இந்த வலி இரட்டிப்பாகிறது. மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கும் பெண்கள், பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவர். உப்புநீரில் ஊறிய விரலில் ஊசிக்காயமும் சேர்ந்தால், சோதனையைத் தள்ளிப்போடவே மனம் நாடும். இரவில் வலைவீசும் மீனவருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் நடுக்கமும் மயக்கமும் நேரலாம். நடுக்கடலில் மருத்துவர் இல்லை. உடலில் அணிந்தபடியே அளவறியும் ஊசியற்ற கருவி இத்தகையோருக்கே முதன்மையான தேவையாகும்.

இன்று விற்பனையிலுள்ள ஒட்டுக்கருவிகள் விரலைக் குத்துவதைக் குறைத்தாலும், முற்றிலும் ஊசியற்றவை அல்ல. மயிரிழை போன்ற உணரி ஒன்று தோலுக்கடியில் தங்கி அளக்கிறது. தோலைத் துளைக்காது ஒளியால் அளக்கும் முயற்சிகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள், ஒளி பட்ட திசுவில் எழும் நுண்ணொலியைக் கொண்டு சர்க்கரையைக் கணிக்க முயல்கின்றனர். பணி எளிதன்று. நலமுள்ளவரின் 100 மில்லிலிட்டர் குருதியில் உணவுக்குமுன் இருக்கும் சர்க்கரை 100 மில்லிகிராமுக்கும் குறைவே. நீரும் புரதமும் கொழுப்பும் வியர்வையும் அச்சிறு அளவின் அடையாளத்தை எளிதில் மறைத்துவிடும்.

ஆகவே அவசரம் ஆபத்தானது. தாழ்ந்த சர்க்கரையை உயர்ந்ததாகக் காட்டும் கருவியை நம்பி இன்சுலினைக் கூட்டுபவர் உயிருக்கே ஊறு நேரலாம். தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் ஒப்புதல் வழங்கவில்லை என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

கருவி யாருடைய தோலில் சோதிக்கப்படுகிறது என்பதும் முதன்மையான வினா. விரலில் மாட்டி உயிர்வளியை அளக்கும் கருவி, கறுப்பின நோயாளிகளிடம் உயிர்வளிக் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தவறவிட்டதாக அமெரிக்க ஆய்வொன்று 2020இல் காட்டியது. ஒளியால் அளக்கும் எந்தக் கருவிக்கும் இது பாடமாகும். வெயிலில் கறுத்து, வியர்வையும் உப்பும் படிந்த பாம்பன் மீனவரின் கையில் சோதிக்கப்படாத கருவியை அவருக்கு உரியது எனக் கூறுதல் தகாது.

பிற நாட்டார் செம்மையாக்கிய பின் வாங்கிக்கொள்ளலாமே எனச் சிலர் கருதலாம். விலை அதற்கு விடை கூறும். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், இதய மருத்துவர் சோமராஜுவுடன் இணைந்து குறைந்த விலையில் இதயக் குழாய்க்கான வலைச்சுருளை 1998இல் உருவாக்கினார். அக்னி ஏவுகணைக்கென ஆக்கிய இலகுவான பொருள், நடக்க இயலாத சிறாரின் கால்தாங்கியின் எடையைப் பன்மடங்கு குறைத்தது. தேவையுள்ளவரின் நிலையறிந்து உள்நாட்டிலேயே ஆக்கியதால் விளைந்த பயன்கள் இவை.

ஊசியற்ற அளவீட்டிற்கும் அவ்வழியே பொருந்தும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் இல்லந்தோறும் சென்று சர்க்கரையைச் சோதிக்கின்றனர். மெய்யாக அளக்கும், மலிவான கருவி அவர்கள் கைக்கு வருமானால் கடலோரச் சிற்றூர்களும் பயன்பெறும். வலியை நீக்குவதோடு ஆய்வாளரின் கடமை முடிவதில்லை. காட்டும் எண் உண்மையாகவும், கருவியின் விலை உழைப்பவரின் கைக்கு எட்டுவதாகவும் அமைதல் வேண்டும்.